டேப் இல்லாத பன்னிரண்டு பெட்டிகள்

விம்கோ நகர்,
திருவொற்றியூர்.
ஜூலை 17 (எழுதத் தொடங்கிய நாள்)

பெருமதிப்புக்குரிய சம்பந்தி ராசையா அவர்களுக்கும் சம்பந்தியம்மா சுகிர்தம் அவர்களுக்கும் சுப்பராயன் வணக்கம் வைத்து எழுதுவது. இங்கே நானும் சொக்கம்மாளும், என் மகன் அறிவும், உங்கள் மகள் மகிமாவும் நலம். தூத்துக்குடியில் நீங்களும் உங்கள் கடையும் உங்கள் இடது முழங்காலும் நலமாக இருக்க உங்கள் கர்த்தரையும் எங்கள் எல்லையம்மனையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிக்க வேண்டும். வரிகள் இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே இறங்குவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஒரே பக்கம் சரக்கு ஏற்றிய கப்பல் இப்படித்தான் சாயும். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், கோட்டின் மேல் குற்றம் இல்லை. பேனாவை மூட்டைக் கொக்கி பிடிக்கிற மாதிரி பிடிக்கிறேன் என்று எல்சி டீச்சர் சொல்கிறார். அழுத்திய அழுத்தத்தில், கண்ணாடி இல்லாவிட்டாலும் தாளைத் திருப்பித் தடவிப் பார்த்தே நீங்கள் வாசித்துவிடலாம். மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் மதியம் பெரியவர்களுக்கு எழுத்து சொல்லித் தருகிறார்கள். போன வருஷம் வெயில் தாங்காமல், அங்கே ஃபேன் ஓடுகிறது என்று போய் உட்கார்ந்தேன். பதினான்கு மாதத்தில் இந்தக் கடிதம் வரை வந்துவிட்டேன். எழுபத்திரண்டு வயதில் உலகம் முழுக்க எனக்கு எழுதி வைத்திருக்கிறார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. மெட்ரோ ஸ்டேஷன் பலகை, எண்ணெய் பாக்கெட்டின் பின்பக்கம், எதிர்வீட்டு கேஸ் சிலிண்டர், எதையும் விடுவதில்லை. வாசித்துவிட்டுத்தான் டீ.

அந்த ஆசையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. அதைச் சொல்லாமல் மேலே எழுத மனசு வரவில்லை. போன மாதக் கடைசியில் நீங்கள் மகிமாவுக்கு எழுதிய கடிதத்தை நான் வாசித்துவிட்டேன். அது மிளகாய்த்தூள் டப்பாவுக்குக் கீழே திறந்து கிடந்தது. உங்கள் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. முதல் வரியை மட்டும் வாசித்துப் பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். இரண்டரை நாள் ஆயிற்று. அவள் மீன் வாங்கக் காசிமேடு போகும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, விட்ட இடத்தில் விரல் வைத்து வாசித்தேன். தப்பு என்று புரிந்தபோது மூன்றாவது பத்தியில் இருந்தேன். அங்கிருந்து எப்படித் திரும்புவது? பின்பக்கம் மட்டும் திருப்பவில்லை, அந்த அளவுக்கு மானம் இருந்தது. என் வாழ்நாளில் நானாக வாசித்த முதல் கடிதம் உங்களுடையது. எனக்கு எழுதியது இல்லை என்பதுதான் குறை.

நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடம். போனில் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதனால் எழுதுகிறேன். பி.காம். படித்துவிட்டு ஊறுகாய் பாட்டிலைப் பொட்டலம் கட்டுவது போதும். சித்தப்பா மகன் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுத ஆள் கேட்கிறார்கள். ஜூலை முப்பதுக்குள் கடையை மூடிவிட்டு இரண்டு பேரும் வந்து சேருங்கள், மாப்பிள்ளைக்கும் இங்கே துறைமுகத்தில் டிரெய்லர் ஓட்டும் வேலை கிடைக்கும். இவ்வளவும் ஒரு தகப்பன் சொல்லக்கூடியதுதான். அதற்கு அடுத்த வரி: உன் மாமனார் நல்ல மனிதர், ஆனால் அவர் கை வைத்த காரியம் விளங்குமா என்று யோசித்துப் பார். அந்த வரியை மூன்று தடவை வாசித்தேன். அதிலும் எழுத்து மிக அழகு.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் போனில் பேசியிருக்கலாம். போனில் நீங்கள் நடுவில் பேசுவீர்கள். கடிதத்தில் நடுவில் பேச முடியாது. முப்பதாம் தேதிக்குள் இது உங்கள் கைக்கு வர வேண்டும் என்று ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று கணக்கு வைத்திருக்கிறேன். இன்றைக்கு இவ்வளவுதான். கட்டைவிரல் வீங்கிவிட்டது.

ஜூலை 19. நேற்று எழுதவில்லை, பேனா மை தீர்ந்துவிட்டது.

மகிமாவின் கடை எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். இறால், வஞ்சிரம், நெத்திலி என்று மூன்று ஊறுகாய். போனில் படம் போடுவாள், போனில் கேட்பார்கள், வேன் வந்து பெட்டியை எடுத்துப் போகும். ஒவ்வொரு கண்ணாடி பாட்டிலையும் குமிழ் குமிழாக இருக்கும் பிளாஸ்டிக் தாளில் நான்கு சுற்று சுற்றி, அதன் மேல் டேப் ஒட்டி, பெட்டியில் வைத்து, பெட்டிக்கும் டேப் ஒட்டுவாள். உங்கள் கடிதம் வந்த அதே வாரம் கோயமுத்தூரிலிருந்து தேவப்பிரியம் என்ற அம்மா ஒரு படம் அனுப்பினார். அங்கே பெரிய மளிகைக்கடை வைத்திருப்பவர், எங்களிடம் நான்கு பாட்டில் வாங்கியவர். படத்தில் ஒரு தராசு. ஒரு தட்டில் எங்கள் இறால் ஊறுகாய் பாட்டில், மறு தட்டில் அந்தப் பெட்டியிலிருந்து அவர் உரித்த பிளாஸ்டிக். தராசு நேராக நின்றது. கீழே எழுதியிருந்ததை நானே போனில் வாசித்தேன். ஊறுகாய் அருமை, மாதம் இருநூறு பாட்டில் என் கடைக்கு வேண்டும், ஆனால் பெட்டிக்குள்ளும் வெளியிலும் துளி பிளாஸ்டிக் இருக்கக் கூடாது, டேப்கூடக் கூடாது. முதலில் பன்னிரண்டு பெட்டி, பெட்டிக்கு நான்கு பாட்டில், ஜூலை பதினைந்துக்குள் வந்து சேர வேண்டும், ஒரு பாட்டில் உடைந்தாலும் இந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

மகிமா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"இது நடக்கிற காரியமா மாமா? டேப் ஒட்டாம பெட்டிய எப்பிடி மூடுறது? கண்ணாடி வேற. கொஞ்சம் ஆடுனாலும் போச்சு."

எனக்கு உங்கள் வரிதான் காதில் கேட்டது. அவர் கை வைத்த காரியம் விளங்குமா. நான் எழுந்து நின்றேன்.

"பேக்கிங் நான் பாத்துக்கறேம்மா. நாப்பது வருசம் ஹார்பர்ல கண்ணாடி எறக்கனவன் நானு."

"நீ எறக்கன லட்சணம் எனக்குத் தெரியாதா," என்றாள் சொக்கம்மாள். "நீ ஒடச்ச கண்ணாடில ராயபுரத்துக்கே ஜன்னல் போட்ருக்கலாம்."

அது பொய். நான் மேஸ்திரியாக இருந்த பதினெட்டு வருஷத்தில் உடைந்தது மிகக் குறைவு. சொக்கம்மாளுக்கு எண்ணிக்கையில் எப்போதும் கை தாராளம்.

சரக்கு உடைவது அடிபட்டு இல்லை சம்பந்தி, காலி இடத்தால். ஆட இடம் கிடைத்தால்தான் சரக்கு அடிபடும். இது எனக்குத் தெரிந்த ஒரே படிப்பு. எனவே காலி இடத்தை எதைக் கொண்டு அடைப்பது என்று யோசித்து, மாதவரம் மாட்டுத் தொழுவப் பக்கம் போய் ஒரு கட்டு வைக்கோல் வாங்கி, கண்டக்டர் பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றதால் ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மூன்று பெட்டிகளில் பாட்டிலைச் சுற்றித் திணித்து, வாசலில் வரிசையாக வைத்துவிட்டு மகிமாவைக் கூப்பிட உள்ளே போனேன். எங்கள் தெருவில் ஒரு பசுமாடு உண்டு. யாருடையது என்று யாருக்கும் தெரியாது, எல்லார் வீட்டிலும் சாப்பிடும். நாங்கள் வெளியே வருவதற்குள் மூன்று பெட்டியையும் காலி செய்துவிட்டது. பாட்டில் ஒன்றுகூட அசையவில்லை. மீன் ஊறுகாய் பக்கம் மூக்கைக்கூட நீட்டவில்லை, அவ்வளவு சுத்த சைவம். பாட்டில் உடையாததைச் சுட்டிக்காட்டி இதுவும் ஒரு சோதனைதான் என்று நான் சொன்னேன். மகிமா சிரிக்கவில்லை. "சாப்பிடுற பொருளு மாமா. வைக்கோல்ல பூச்சி வந்துச்சுன்னா என் பேருதான் போகும்," என்று மீதி வைக்கோலையும் மாட்டுக்கே கொடுத்துவிட்டாள். மறுநாளிலிருந்து அந்த மாடு எங்கள் வாசலிலேயே நிற்கிறது, அது வேறு கதை.

அடுத்து டேப். பழைய கணக்கு நோட்டுத் தாளைப் பட்டை பட்டையாகக் கிழித்து மைதா பசையில் ஒட்டினால் டேப் எதற்கு? சொக்கம்மாளின் இட்லிச் சட்டியில் பசை காய்ச்சினேன்.

"யோவ், இன்னாய்யா இது, வூட்ல சோறு ஆக்கறதா, போஸ்டர் ஒட்டறதா?"

"ஒரு தபா காச்சிட்டு கழுவித் தந்துடறேன்."

"ஒன்ன அதுல வெச்சி அவிக்கணும்."

பன்னிரண்டு பெட்டியும் ஒட்டினேன். கடல் காற்றில் எதுவும் சீக்கிரம் காயாது என்பதை மறந்துவிட்டேன். ஈரம் காய்வதற்கு முன் கப்பல் அறையில் அடுக்குகிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று, சந்து விடாமல், நெருக்கி அடுக்கி, அசையாமல் இருக்க மேலே அம்மிக்கல்லையும் தூக்கி வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் பன்னிரண்டு பெட்டி இல்லை. ஒரே பெட்டி. ஆள் உயரம். அறிவு எண்ணூரில் டிரெய்லர் ஓட்டப் புறப்பட்டவன் ஷூ போட்டுக்கொண்டே அதைச் சுற்றி வந்து பார்த்தான்.

"நைனா, இத ஏத்த ஒரு கிரேன் சொல்லட்டா? ஒரே பார்சல், ஒரே அட்ரஸு. சூப்பரா கீது."

கத்தியை விட்டுப் பிரித்ததில் எட்டுப் பெட்டி கிழிந்தது. அன்றைக்குத் தேதி ஜூலை ஐந்து. மகிமா புதுப் பெட்டிகளை எடுத்து வைத்தாள்.

ஜூலை 21. இதற்கு மேல் நல்ல செய்தி, அதனால் இன்று காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மார்க்கெட்டில் ஃபிரிட்ஜ் விற்கும் கடை வாசலில் பெரிய பெரிய அட்டைப் பெட்டிகளைக் குப்பைக்குப் போடுவார்கள். ஈரமில்லாமல் சுத்தமாக இருந்ததை மட்டும் பொறுக்கி வந்தேன். பாட்டில் உயரத்துக்குப் பட்டை வெட்டி, பட்டையில் பாதி வரை கீறல் விட்டு, ஒன்றுக்குள் ஒன்று செருகினால் பெட்டிக்குள் நான்கு அறை. ஒவ்வொரு அறையிலும் பாட்டிலுக்கு நெளி அட்டையில் ஒரு சட்டை. மேலே மடித்த காகிதம். பெட்டியை மூடிக் காதில் வைத்து ஆட்டினால் சத்தம் வரக் கூடாது, வந்தால் பிரித்து இன்னும் ஒரு மடிப்பு. பசையும் இல்லை, டேப்பும் இல்லை, சணல் கயிறு மட்டும். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, சந்திக்கும் இடத்தில் கப்பலில் நாங்கள் போடும் முடிச்சு. இழுக்க இழுக்க இறுகும்.

முதல் பெட்டியை மொட்டைமாடிப் படியிலிருந்து கீழே போட்டேன். பக்கத்து வீட்டார் எல்லோரும் வந்துவிட்டார்கள். இரண்டாம் தடவை போடும்போது மகிமா வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். மூன்றாம் தடவை அவளே வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு, நான் போட்டதைவிடப் பலமாகப் போட்டாள். பிரித்துப் பார்த்தோம். நான்கு பாட்டிலும் முழுசு. எண்ணெய்கூடக் கசியவில்லை. "மாமா!" என்றாள். சொக்கம்மாள் மட்டும், "எல்லாம் சரி, படிக்கட்டு ஒடஞ்சுதா பாரு," என்றாள்.

இங்கேதான் சம்பந்தி, நான் கெடுத்தேன். வேறு யாரும் இல்லை.

உடையும் பொருள் என்று சிவப்பாக அச்சடித்து ஒரு டேப் வரும். மகிமா வழக்கமாகப் பெட்டிக்கு அதைத்தான் ஒட்டுவாள். அதுவும் பிளாஸ்டிக், எனவே கூடாது. அதற்குப் பதில் என்ன போடுவது? சொக்கம்மாள் கோலத்துக்கு வைத்திருந்த காவியைக் கரைத்து, குச்சியில் துணி சுற்றி, பன்னிரண்டு பெட்டி மேலும் என் குறியைப் போட்டேன். எங்கள் கேங்கில் இருபத்திரண்டு பேர், ஒருவனுக்கும் எழுத்து தெரியாது. எந்தச் சரக்கை என்ன செய்வது என்பதெல்லாம் குறிதான். வட்டம் போட்டு, நடுவில் குறுக்குக் கோடு, கீழே இரண்டு புள்ளி வைத்தால் அது சுப்பராயன் மேஸ்திரியின் குறி. மேஸ்திரி வந்து பக்கத்தில் நின்றால்தான் இந்தச் சரக்கில் கை வைக்கலாம் என்று அதற்கு அர்த்தம். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மட்டும் போடுவேன். அந்தக் குறியை மீறி ஒருவனும் தொட்டதில்லை. இதைவிட நல்ல காவல் பெட்டிக்கு ஏது என்று நினைத்தேன். எழுத்து தெரிந்துவிட்டதே, எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அது தோன்றவில்லை. தலைக்குத்தான் எழுத்து வந்திருக்கிறது, கை பழைய வழியிலேயே போய்விட்டது.

ஜூலை ஒன்பதாம் தேதி வேன் வந்து பெட்டிகளை எடுத்துப் போயிற்று. இரண்டு நாளில் கோயமுத்தூர் போய்விடும் என்றார்கள். பதினோராம் தேதி மகிமாவின் போனில் பெட்டிகள் மாதவரம் கொடவுனில் இருப்பதாகக் காட்டியது. பன்னிரண்டாம் தேதியும் மாதவரம். பதின்மூன்றாம் தேதி காலையில் மாதவரம். கூரியர்காரருக்குப் போன் போட்டால் ஒரு பெண் குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிடுகிறது. அன்றைக்குத்தான் மகிமா சமையலறையில் நின்றபடி உங்கள் கடிதத்தை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என்னைக் கண்டதும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

ஜூலை 22.

பஸ்ஸில் மாதவரம் என்று எழுதியிருந்ததை யாரையும் கேட்காமல் நானே வாசித்து ஏறினேன். வேறு நாளாக இருந்தால் அதைப் பற்றியே உங்களுக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன். கொடவுனுக்குள் போனால் பெட்டிகள் பறக்கின்றன. ஒருவன் வீச ஒருவன் பிடிக்கிறான், பிடிக்காததும் உண்டு. இதற்கிடையில் ஓர் ஓரமாக, மரப்பலகை மேல், தார்ப்பாய் போர்த்தி, என் பன்னிரண்டு பெட்டிகள் கோயில் சிலை மாதிரி இருந்தன. பக்கத்தில் நாற்காலி போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஹுமாயூன். என் கேங்கில் பதினாறு வருஷம் இருந்தவன். அவன் இங்கே வேலை பார்ப்பது எனக்குத் தெரியாது.

"வா மேஸ்திரி! நாலு நாளா உன்னத்தான் பாத்துகினு கீறேன். இன்னா இவ்ளோ லேட்டு?"

"இன்னாடா ஹுமாயூன், பொட்டி இன்னும் இங்கியே கீது?"

"பின்ன? உன் குறி கீது. நீ வராம எவன் தொடுவான்? சூப்பர்வைசரு வந்து ஏத்து ஏத்துன்னான். மேஸ்திரி வரட்டும்னேன். யார்ரா மேஸ்திரின்னான். கம்முனு ஒக்காந்துகினேன். இப்ப அவனே டெய்லி வந்து, மேஸ்திரி எப்போ வர்றாருன்னு கேட்டுகினு போறான்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வேலையை விட்டு இத்தனை வருஷம் கழித்து, நான் போட்ட குறிக்கு ஒரு மனுஷன் காவல் இருந்திருக்கிறான். சந்தோஷம்தான் வந்தது. அங்கே மகிமா என்ன நிலையில் இருக்கிறாள் என்று நினைத்து உடனே வெட்கப்பட்டேன்.

"பதினஞ்சாந்தேதிக்குள்ள கோயமுத்தூர் போவணும்டா. இல்லாங்காட்டி என் மருமவ கடைய மூடணும்."

"அடப்பாவி, இத குறிலயே சொல்லிருக்கக் கூடாது?" என்றான். கோயமுத்தூர் லாரி வெளியே தயாராக நின்றது. அதில் ஏற்றலாம். ஆனால் ஹுமாயூன் தலையைச் சொறிந்தான். "இங்க நான் கீறேன், உன் குறி தெரியும். அங்க எறக்கறவனுக்கு இது இன்னான்னு தெரியும்? தூக்கி கடாசிடுவான் மேஸ்திரி."

அவன் சொன்னது சரி. அங்கே இருப்பவர்களுக்கு என் குறி தெரியாது, எழுத்து தெரியும். சூப்பர்வைசரிடம் கறுப்புப் பேனா வாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். குறியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: கண்ணாடி. மெதுவாக இறக்கவும். ஒரு பெட்டிக்கு ஐந்து நிமிஷம். மூன்றாவது பெட்டியில் லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். ஐந்தாவது பெட்டியில் இறங்கி வந்துவிட்டார். ரகுபதி என்று பெயர்.

"பெர்சு, வண்டி கெளம்பணும். பொட்டி மேல இன்னா கத எழுதினுகீற?"

"தோஸ்து, அடங்கு," என்றான் ஹுமாயூன். "எங்க மேஸ்திரி எழுதறாரு."

அவசரப்பட்டால் எழுத்து ஓடிவிடும் சம்பந்தி. வியர்வை கண்ணில் இறங்குகிறது, சுற்றிப் பத்துப் பேர், ஹாரன் வேறு. நான் நிமிரவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது. வேலை செய்த நாளில் எத்தனையோ டன் தூக்கியிருக்கிறேன், இந்தப் பன்னிரண்டு பெட்டிக்கு இறங்கிய வியர்வை அப்போது இறங்கியதில்லை. பன்னிரண்டாவது முடிந்ததும் ஹுமாயூன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "இன்னா எழுதினே, படி," என்றான். படித்தேன். "என் பேர எழுதத் தெரியுமா?" என்றான். கடைசிப் பெட்டி மூலையில், ஏற்றியவர் ஹுமாயூன் என்று எழுதினேன். அதை விரலால் தொட்டான், மை விரலில் ஒட்டிக்கொண்டது, துடைக்கவில்லை. நான் பேனாவை மூடப் போகும்போது அந்த டிரைவர் குறுக்கே வந்து நின்றார்.

"ஏத்தனவன் பேரு கீது. ஓட்டறவன் பேரு வேணாமா?"

மூன்று பெட்டியில் எழுதச் சொன்னார். ஒரு பெட்டி போதாதாம். லாரி மேலும் கால் மணி நேரம் தாமதமானது அவரால்தான், என்னால் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஜூலை 23.

பதினைந்தாம் தேதி மதியம் தேவப்பிரியம் அம்மா கூப்பிட்டார். எல்லோரும் கேட்கிற மாதிரி மகிமா போனை வைத்தாள்.

"பெட்டி பன்னெண்டும் வந்துருச்சுங்க. ஆனா ஒண்ணையும் தொறக்க முடியலீங்க. இந்த முடிச்ச யாருங்க போட்டது? கடையில ரெண்டு பேரு அரை மணி நேரமாப் போராடறாங்க. இழுத்தா இன்னும் இறுகுதுங்க."

போனிலேயே நான் வழி சொன்னேன். நுனியை இழுக்காதீங்க, வளையத்தை உள்ள தள்ளுங்க. பிறகு அட்டை பிரிக்கும் சத்தம். ஒவ்வொரு பாட்டிலாக மேசையில் வைக்கும் சத்தத்தை நாங்கள் நான்கு பேரும் எண்ணிக்கொண்டே கேட்டோம். நாற்பத்தெட்டு. ஒன்றும் உடையவில்லை. மாதம் இருநூறு பாட்டில் அனுப்பச் சொல்லிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை, முடிச்சை எப்படி அவிழ்ப்பது என்று ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் வைக்க வேண்டும். இருநூறு பாட்டிலுக்கு ஐம்பது பெட்டி, ஐம்பது தாள். அச்சடித்துக்கொள்ளலாம் மாமா என்றாள் மகிமா. முடியாது என்று சொல்லிவிட்டேன். என் முடிச்சு, என் எழுத்து. ஒரு தாளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும்.

இனி நான் கேட்க வந்தது. சம்பந்தி, ஜூலை முப்பதை விட்டுவிடுங்கள். மகிமாவைக் கூப்பிடாதீர்கள். அவள் கல்யாணம் உங்கள் இஷ்டப்படி நடக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு நீங்கள் இரண்டு தடவைதான் வந்திருக்கிறீர்கள், இரண்டு தடவையும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் மகள் கணக்கு எழுதினால் நன்றாகத்தான் எழுதுவாள். ஆனால் படியிலிருந்து பெட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு வீசினாளே, அந்த முகத்தை நீங்கள் பார்க்கவில்லை. அது மாதச் சம்பளத்துக்கு வருகிற முகம் இல்லை. அவர்கள் போய்விட்டால் இந்த வீட்டில் நானும் சொக்கம்மாளும் மாடும்தான் என்கிற சுயநலமும் எனக்கு உண்டு, மறைக்கவில்லை. என் கை வைத்த காரியம் விளங்காது என்று எழுதியிருந்தீர்கள். வைக்கோலிலும் பசையிலும் விளங்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவதில் விளங்கியது. ஒரு வருஷம் கொடுங்கள். பதிலை என் பெயருக்கு எழுதுங்கள், எத்தனை நாள் ஆனாலும் நானே வாசிப்பேன்.

சம்பந்தியம்மாவுக்கு சொக்கம்மாள் விசாரிப்பு சொல்லச் சொன்னாள். உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெய் தடவுங்கள். உங்கள் வீட்டு விளக்கும் கடைக் கல்லாவும் குறைவில்லாமல் இருக்கட்டும். பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி
சுப்பராயன், மேஸ்திரி (ஓய்வு)

பின்குறிப்பு, ஜூலை 25: உறையில் போடும்போது மகிமா வந்துவிட்டாள். நான் ஒன்பது நாள் எழுதியதை அடுப்பில் தோசை வேகும் நேரத்தில் வாசித்து முடித்துவிட்டாள். "யாரு மாமா வேலைக்குப் போறேன்னு சொன்னது?" என்று கேட்டாள். உங்கள் கடிதம் வந்த அன்றைக்கே போன் போட்டு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். நீங்கள் இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, சரிம்மா உன் இஷ்டம் என்று விட்டுவிட்டீர்களாம். அன்று அடுப்படியில் அவள் அந்தக் கடிதத்தை எடுத்தது, பின்பக்கத்தில் சம்பந்தியம்மா எழுதியிருந்த வஞ்சிரம் மசாலா அளவைப் பார்க்க. போன ஞாயிற்றுக்கிழமை நீங்களே ஆறு பாட்டில் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதெல்லாம் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் கடிதம் வாசித்தது தெரிந்துவிடுமே. எனவே மேலே நான் கெஞ்சியது எதுவும் தேவையில்லை என்று ஆகிவிட்டது. கிழித்துப் போடச் சொன்னாள் சொக்கம்மாள். ஒன்பது நாள் எழுதியதை எந்த மனுஷன் கிழிப்பான்? நலம் விசாரித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுங்கள். உங்கள் ஆறு பாட்டிலைக் கட்டிவிட்டேன், நாளைக்குக் கிளம்புகிறது. பாட்டில் அதிகம் என்பதால் முடிச்சு இரட்டையாகப் போட்டிருக்கிறேன். இரட்டை முடிச்சை அவிழ்க்கும் முறை வேறு, கொஞ்சம் நீளம், இந்தத் தாளில் இடம் இல்லை. அடுத்த வாரம் அதைத் தனிக் கடிதமாக எழுதி அனுப்புகிறேன். அதுவரை பெட்டியை அப்படியே வைத்திருங்கள். கத்தி வைக்காதீர்கள்.